கொழும்பில் வீட்டுத் தளபாடம் செய்தலும் பழையதைப் புதுப்பித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலில் என்ன செய்து பார்க்கலாம்?

சாப்பாட்டு மேசையில் தொடங்க வேண்டாம். மரச் செலவு கூட, பிழை விட்டால் வீடு முழுக்கத் தெரியும். 1000 மி.மீ. நீளம், 300 அகலம், 450 உயரத்தில் ஒரு வாங்கு (நீள இருக்கை) நல்ல தொடக்கம். அளத்தல், அறுத்தல், துளை வெட்டுதல், ஒட்டுதல், பொலிஷ் எல்லாம் அதில் வந்துவிடும். சப்பாத்து மாட்ட, சாப்பாட்டு மேசையோடு போட்டு இருக்க என்று வீட்டில் உடனே பயன்படும்.

மரக்கடையில் அங்குலக் கணக்கில் கேட்க வேண்டியவை:

- கால்களுக்கு 2×2, 7 அடி ஒரு துண்டு
- மேற்பலகைக்கு 6×1, 7 அடி ஒரு துண்டு
- சட்டங்களுக்கு 3×1, 8 அடி ஒரு துண்டு

கூட்டினால் 0.65 கன அடி வரும். 1 அங்குலப் பலகையைச் சீவினால் 20 மி.மீ. அளவில்தான் மிஞ்சும், 2×2 என்பது 45 ஆகும், 3 அங்குலச் சட்டம் 70 ஆகும். அதை வைத்தே வெட்டுங்கள்: கால் 430 மி.மீ. நான்கு, நீளச் சட்டம் 860 இரண்டு, குறுக்குச் சட்டம் 220 இரண்டு, மேற்பலகை 1000 இரண்டு. சட்ட அளவுகளில் இரு முனையிலும் 25 மி.மீ. கழுந்து, அதாவது காலின் துளைக்குள் நுழையும் நாக்கு, சேர்ந்திருக்கிறது.

சட்டத்தைக் காலின் வெளிமுகத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி, சட்டத்தின் கனத்துக்கு நடுவே 7 மி.மீ. தடிப்பில் கழுந்து விடுங்கள். அப்போது இரண்டு பக்கத்துத் துளைகளும் காலுக்குள் முட்டாமல் மயிரிழையில் தப்பும். சட்டத்தைக் காலின் நடுவில் வைத்தால் முட்டிக்கொள்ளும், கால் அங்கேதான் பிளக்கும்.

மேற்பலகைகள் இரண்டையும் ஒன்றாக ஒட்டத் தேவையில்லை. நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டும் வேலையும் மிச்சம், பலகை ஊதிச் சுருங்க இடமும் கிடைக்கும். குறுக்குச் சட்டங்களின் உட்பக்கத்தில் 20×20 துண்டு ஒன்றை ஒட்டித் திருகி, அதனூடாகக் கீழிருந்து 32 மி.மீ. திருகாணியால் பலகையைப் பிடிக்கலாம். நடுப்பகுதியில் மிச்சச் சட்டத் துண்டு ஒன்றைத் தட்டையாகப் போட்டு இரண்டு பலகையையும் இணைத்துவிட்டால், ஒருவர் நடுவில் இருக்கும்போது ஒரு பலகை மட்டும் தாழாது.

எந்த மரம் வாங்குவது?

பழகுவதற்கு மகோகனி. உளிக்கு இணங்கும், அதிகம் திருகாது, பொலிஷ் நன்றாக ஏறும். பலா சற்றுக் கடினம். புதிதாகச் சீவும்போது மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டுகளில் பொன்பழுப்பாகிவிடும். பழைய அலுமாரிக்குப் புதுப் பலாக் கதவு போட்டு நிறம் ஒத்துவரவில்லை என்று உடனே சாயம் அடித்துவிட்டால், பின்னர் அந்தக் கதவு மட்டும் கறுத்து நிற்கும். தேக்கு நல்ல மரம்தான். ஆனால் அதில் சிலிக்கா உண்டு, ஆயுத முனையை விரைவில் மழுக்கும். முதிரை அழகு, கனம், விலை மூன்றும் கூடியது, கைவாளுக்கு ஆகாது. மலைவேம்பு மிக மெல்லியது. லாச்சியின் அடிப்பலகைக்கும் அலுமாரியின் பின்பலகைக்கும் போதும், காலுக்கு வேண்டாம். இறப்பர் மரம் சூளையில் உலர்த்தி போரக்ஸ் மருந்தேற்றியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். மருந்தில்லாத இறப்பர் மரத்தைப் பூச்சி முதலில் தேடி வரும்.

எந்த மரமானாலும் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கறுத்த கடினப் பகுதியை, பாருங்கள். ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி நிறையத் தெரிந்தால் அந்தப் பலகையை ஒதுக்குங்கள். பலாவிலும் தேக்கிலும் உளுப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைதான்.

எங்கே வாங்கலாம்? கடையில் என்ன கேட்க வேண்டும்?

மரத்துக்கு மொறட்டுவை. அறுவை மில்லும் தளபாடப் பட்டறையும் நெருக்கமாக இருப்பதால் சிறு துண்டுகளும் கிடைக்கும், கூலி கொடுத்தால் சீவியும் தருவார்கள். பெயர்கள் அங்கே சிங்களத்தில்தான் ஓடும்: பலா கொஸ், தேக்கு தேக்க, முதிரை புருத்த, மலைவேம்பு லுணுமிதெல்ல. அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களிலும் பலகை வாங்கலாம். திருகாணி, பிணைச்சல், பசை, பெயின்ட் எல்லாம் கொழும்பு 12இல் பழைய சோனகத் தெருப் பக்கம். பாவித்த ஆயுதங்களுக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்று நடக்கலாம்.

இன்னொரு வழி, இடித்த பழைய வீடுகளின் கதவும் கூரை வளையும். பல ஆண்டு காய்ந்த தேக்கும் பலாவும் அப்படிக் கிடைக்கும். சீவுவதற்கு முன் காந்தம் ஒன்றை மேலே ஓட்டிப் பார்த்து எல்லா ஆணியையும் பிடுங்குங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி சீவுளி அலகின் முனையைத் தின்றுவிடும்.

மரம் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“நல்லாக் காஞ்ச மரம்” என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். இரண்டு ஊசி உள்ள ஈரமானி இருந்தால் பலகையின் முனையில் குத்த வேண்டாம், முனை எப்போதும் முந்திக் காய்ந்திருக்கும். முனையிலிருந்து ஒரு அடி தள்ளி அறுத்து, அந்தப் புது முகத்தில் குத்துங்கள். 15 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது. 20க்கு மேல் காட்டினால் அது இன்னும் தளபாடத்துக்கு ஆகாத மரம்.

ஈரமானி இல்லாவிட்டால் தராசு போதும். பலகையில் ஒன்றை வாரம் ஒருமுறை நிறுத்து, நிறையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். நிறை இறங்குவது நின்றால் அது வீட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை நிழலில், பலகைகளுக்கு இடையே 450 மி.மீ.க்கு ஒரு சிறு கட்டை வைத்து, அந்தக் கட்டைகள் ஒன்றுக்கு நேர்மேலே ஒன்றாக வரும்படி அடுக்குங்கள். முனைகளுக்குப் பெயின்ட் பூசினால் முனைவெடிப்பு குறையும். வெயிலில் சாத்தி வைத்துக் காயவைப்பது பலகையை முறுக்குவதற்கு மிகச் சுருக்கமான வழி.

ஏசி அறைக்குள் வைத்த மேசை ஏன் வெடிக்கிறது?

கொழும்புக் காற்றில் திறந்திருக்கும் மரம் ஏறக்குறைய 15 சதவீத ஈரத்தில் நிற்கும். நாள்முழுக்க ஏசி ஓடும் அறையில் அது 11 பக்கம் இறங்கும். இந்த 4 சதவீத வித்தியாசத்தில் 750 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, வளையங்களைத் தொட்டுச் செல்லும்படி தட்டையாக அறுத்த மரமானால், 6 மி.மீ. அளவு சுருங்கும். ஆரை வாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி, அறுத்ததானால் அதில் ஏறக்குறைய பாதி. நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பலகை அகலத்தில் சுருங்குகிறது, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சுருங்காமல் நிற்கிறது. இரண்டையும் பசையாலோ இறுக்கிய திருகாணியாலோ கட்டிப்போட்டால் பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கனமாக வார்னிஷ் அடித்தால் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வார்னிஷ் ஈரம் போய்வரும் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. சட்டத்தின் உட்பக்கத்தில் நீள வெட்டு ஒன்று போட்டு, அதற்குள் நாக்கு நுழையும் சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகுவதுதான் சரியான முறை. பலகை அசையும்போது கட்டை வெட்டுக்குள் வழுக்கும். நாக்கு வெட்டுக்குள் நுழைந்த பிறகும் கட்டைக்கும் பலகைக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளி நிற்க வேண்டும், அப்போதுதான் திருகும்போது பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். நேராகத் திருகாணி போடுவதானால் நடுத் துளையை மட்டும் வட்டமாக விட்டு, ஓரத் துளைகளைப் பலகை சுருங்கும் திசையில் 8, 10 மி.மீ. நீளமாக்குங்கள்.

பலகையின் மேற்பக்கம் எத்தனை கோட் வார்னிஷோ, அடிப்பக்கமும் அத்தனை. மேலே மூன்று, கீழே ஒன்றுமில்லை என்றால் பலகை கிண்ணம் போல் வளையும். அந்த அறையில் நிற்கப்போகிற தளபாடம் என்றால், அறுத்த மரத்தை இரண்டு மூன்று வாரம் அங்கேயே போட்டு வைத்துவிட்டுப் பிறகு மூட்டுங்கள்.

என்னென்ன ஆயுதம் வேண்டும்?

கைவாள் ஒன்று, 6, 12, 18, 25 மி.மீ. உளிகள், நான்காம் இலக்கச் சீவுளி (முகத்தை மழமழப்பாக்கும் சிறு சீவுளி), மூலைமட்டம், கீறுமானி (விளிம்புக்குச் சமாந்தரமாகக் கோடு கீறுவது), மரச்சுத்தியல், டிரில், குறைந்தது நான்கு கிளாம்ப். இவற்றோடு சாணைக்கல். கடைசியாகச் சொன்னதுதான் பலர் வாங்காதது. உளியின் சாய்வை 25 பாகையில் தீட்டி, முனையை மட்டும் 30 பாகையில் இரண்டு இழுப்பு இழுங்கள். பிறகு பின்முகத்தைக் கல்லில் தட்டையாக வைத்து முறுக்குப் பிசிரை எடுங்கள். கடதாசியைப் பிடித்து வெட்டினால் கிழியாமல் வெட்ட வேண்டும். மழுங்கிய உளியைத் தள்ள அதிகப் பலம் வேண்டும், கை வழுக்கி வெட்டுவதும் அப்போதுதான்.

மின் ஆயுதத்தில் முதலாவது டிரில், இரண்டாவது வட்டச் சாண்டர். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் 230 வோல்ட்டா என்று தகட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் மெஷினுக்கு பிளக்கை மட்டும் மாற்றிக் குத்தினால் மோட்டார் எரிந்துவிடும்.

தொடர்மாடியில் இருந்துகொண்டு இதெல்லாம் முடியுமா?

முடியும், மெஷின் வேலையைக் குறைத்தால். நீள அறுவையையும் சீவலையும் மில்லிலேயே செய்வித்துக்கொண்டு, மூட்டும் பொலிஷும் வீட்டில். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பல்கனி இருந்தால் அங்கே தடித்த இறப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் வேலை செய்யுங்கள். சுத்தியல் சத்தம் சுவரைவிடத் தரை வழியாகத்தான் கீழ்வீட்டுக்குப் போகும்.

தூளை இலேசாக எடுக்க வேண்டாம். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் கடியையும் கிளப்பும். துணி முகமூடி நுண்தூளைத் தடுக்காது, என்95 வகை போடுங்கள். சாண்டரோடு வக்கியூமைப் பொருத்தினால் தூளில் பெரும்பகுதி காற்றுக்கே வராது.

மூட்டுக்குப் பதிலாகத் திருகாணி போட்டால் போதாதா?

அலுமாரிப் பெட்டிக்கு, தட்டுக்குப் போதும். கதிரைக்குப் போதாது. கதிரையில் பின்னுக்குச் சாயும் ஒவ்வொரு தடவையும் மூட்டு நெம்பப்படும். மரத்தின் முனைமுகத்துக்குள் போன திருகாணிக்கு அங்கே பிடி குறைவு. திருகாணி போடும் எல்லா இடத்திலும் முன்துளை கட்டாயம். 4 மி.மீ. திருகாணிக்கு மகோகனியில் 2.5, முதிரை போன்ற கடின மரத்தில் 3. திருகாணியில் கொஞ்சம் மெழுகோ சவர்க்காரமோ தடவினால் தலை முறியாது.

தேக்கில் ஒட்டினது விட்டுவிட்டது. பசை பழுதா?

பசையில் பிழை இருக்காது. தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு, சீவிச் சில நாளானால் அது மேலே வந்துவிடும். ஒட்டுவதற்குச் சற்றுமுன் முகத்தைப் புதிதாகச் சீவுங்கள் அல்லது அசிற்றோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த உடனேயே ஒட்டுங்கள். கிளாம்பை மூச்சைப் பிடித்து இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும். ஓரம் முழுக்கச் சிறு மணிகளாகப் பசை எட்டிப் பார்த்தால் அந்த இறுக்கம் சரி. வெள்ளைப் பசைக்கு ஒரு மணி நேரம் கிளாம்ப், அடுத்த நாள்வரை பாரமில்லை.

புத்தகத் தட்டு தொய்கிறதே?

புத்தகப் பாரம் தட்டு முழுக்கப் பரவியிருக்கும். நீளம் 600 மி.மீ.யிலிருந்து 900 ஆனால் தொய்வு ஐந்து மடங்காகும். 18 மி.மீ. எம்.டி.எஃப் (மர நாரை ஒட்டி அழுத்திய பலகை) தட்டை 600க்கு மேல் விடாதீர்கள், அதே கனப் பிளைவூட் 750 வரை தாங்கும். ஏற்கெனவே தொய்ந்த தட்டை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, முன்விளிம்பில் 20×40 மரச் சட்டம் ஒன்றை நிமிர்த்தி ஒட்டுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆடும் பழைய கதிரையை எப்படி இறுக்குவது?

ஆணி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது மூட்டை இறுக்காது, பிளக்கும். வழுக்கும் மூட்டை இறப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள். கழற்றுமுன் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும் ஒரே இலக்கத்தை ஒட்டுக் கடதாசியில் எழுதி ஒட்டினால், சேர்க்கும்போது குழப்பம் வராது. பழைய பசையின் மேல் புதுப்பசை பிடிக்காது. பாட்டன் காலத்துக் கதிரை என்றால் உள்ளே வச்சிரப் பசையாக (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) இருக்கும், சுடுநீரும் வினாகிரியும் நனைத்த துணியில் இளகும். வெள்ளைப் பசையானால் உளியால் சுரண்ட வேண்டும், ஆனால் மரத்தைச் சுரண்டி மெலிய வைக்காதீர்கள். கழுந்து தளர்ந்திருந்தால் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டித் தடிப்பாக்குங்கள். கடைசியில் தட்டையான தரையில் வைத்து நான்கு காலும் பதிகிறதா என்று பார்த்தபின்தான் பசை காய விடுவது.

சாய்மனைக் கதிரையின் பிரம்புப் பின்னல் போயிருந்தால், விளிம்பில் பள்ளம் உள்ளதா, வரிசையாகத் துளைகள் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பள்ளம் உள்ளதற்கு ஆயத்தப் பின்னல் துண்டு வாங்கி, நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பள்ளத்துக்குள் ஆப்பு வடிவப் பிரம்போடு அடித்து இறக்கலாம். காயும்போது தானாக இறுகும். துளை உள்ளது கைப்பின்னல், பொறுமை வேண்டிய வேலை. கண்டி வீதியில் வேவல்தெனியவில் பிரம்பு வேலை செய்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுப்பதும் கேவலமில்லை.

எம்.டி.எஃப் அலுமாரியின் பிணைச்சல் பிய்ந்துவிட்டது. கதவை எறிய வேண்டுமா?

வேண்டாம். அதே துளையில் பெரிய திருகாணி போடுவதுதான் அதைக் கெடுப்பது. பிய்ந்த இடத்தை 10 மி.மீ. அலகால் சுத்தமாகத் துளைத்து, 10 மி.மீ. மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, அடுத்த நாள் மட்டமாக வெட்டி, நடுவில் 2.5 மி.மீ. முன்துளை போட்டுத் திருகுங்கள். தண்ணீர் பட்டு ஊதிய அடிப்பலகையை மட்டும் காப்பாற்ற முடியாது, அதை வெட்டி எடுத்துவிட்டுப் பிளைவூட் போடுங்கள். மெலமைன் முகத்துக்குப் பெயின்ட் அடிப்பதானால் 180 இலக்க அரத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஒட்டுத்திறன் கூடிய பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். பிரைமரைத் தவிர்த்தால் நகத்தால் உரித்துவிடலாம்.

கட்டிலின் கீழே மாவு கொட்டுகிறது.

மாவாக, பவுடர் போல இருந்தால் உளுப்பு வண்டு. மிளகைவிடச் சிறிய, ஒரே அளவான மணிகளாக இருந்தால் உலர்மரக் கறையான். கீழே கறுப்புக் கடதாசி விரித்து ஒரு வாரம் பாருங்கள். மீண்டும் விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பொலிஷுக்குள்ளால் மருந்து இறங்காது. பொலிஷ் இல்லாத அடிமுகத்தில் பூசி, மேலே உள்ள துளைகளுக்குள் ஊசியால் செலுத்துங்கள். துளையை மெழுகால் அடைப்பது எல்லாம் முடிந்த பிறகு.

லாக்கர் அடித்ததும் வெண்மையாகப் பூக்கிறதே?

காற்றில் ஈரம் கூடிய நாளில் அடித்திருக்கிறீர்கள். தின்னர் ஆவியாகும்போது முகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. தென்மேல் பருவ மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இது அடிக்கடி வரும். விடியற்காலைதான் ஈரம் மிகக் கூடிய நேரம், எனவே மழையில்லாத நாளில் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையே அடியுங்கள். தின்னரோடு ஆறுதலாக ஆவியாகும் ரிட்டாடர் கொஞ்சம் சேர்க்கலாம். பூத்த முகத்தின்மேல் ரிட்டாடர் கலந்த தின்னரை மெல்லப் பனிபோல் தெளித்தாலும் பெரும்பாலும் தெளியும்.

தூரிகைதான் இருக்கிறது என்றால் லாக்கரை விட்டு பொலியூரித்தேன் எடுங்கள். அரத்தாள் 80, 120, 180, 220 என்று படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கி, கிறுக்கல் முழுதாக மறையும்வரை தேயுங்கள். படியைத் தாண்டினால் 80இன் கீறல் பொலிஷுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். முதல் கோட்டைச் சற்று நீர்த்து, மற்ற இரண்டையும் அப்படியே, நடுவில் 320 தாளால் ஒரு தடவல். டின்னில் 6 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் மழைக்காலத்தில் இரவு முழுக்க விடுங்கள்.

லின்சீட் எண்ணெய் பூசிய துணியைக் குப்பைக் கூடையில் போடலாமா?

போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும். கசக்கிப் போட்ட துணிக்குள் சூடு தேங்கி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டு விறைக்கும்வரை காயவிடுங்கள் அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி டின்னில் போடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த தளபாடத்தை என்ன செய்வது?

களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வரும் கேள்வி இது. சேறு காயுமுன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஊதி இறுகிய லாச்சியை முன்னால் பிடித்து இழுத்தால் முகப்பு பிய்யும். பின்பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுங்கள். வெயிலில் வைக்காமல் நிழலில், காலுக்குக் கீழ் கட்டை வைத்து, மின்விசிறிக் காற்றில் வாரக்கணக்கில் காயவிடுங்கள். பொலிஷ் வெளுத்திருந்தாலும் மரம் காயும்வரை தொட வேண்டாம். சிப்போர்ட் (மரத்துகளை ஒட்டி அழுத்திய பலகை) ஊதியிருந்தால் கைப்பிடியையும் பிணைச்சலையும் கழற்றி எடுத்துவிட்டு எறியுங்கள்.

வளவில் நிற்கும் பலாவைத் தறித்துப் பலகையாக்கலாமா?

அனுமதி இல்லாமல் முடியாது. பலாவைத் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். மரத்தை வாகனத்தில் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம், இரண்டையும் ஒரே போக்கில் கேட்டுவிடுங்கள். அறுத்த பிறகும் 1 அங்குலப் பலகை காற்றில் காய மாதக்கணக்கில் எடுக்கும்.